பட்டாவும் கடனும்

இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் சொந்தமாக வைத்திருக்கும் நம் சிறுதோட்டக்காரர்களுக்கு மண் இருக்கிறது, உழைக்கக் கையும் இருக்கிறது. விளைச்சல் மட்டும் ஏன் குறைகிறது? உரம் வாங்கக் காசில்லை என்பதே பலர் சொல்லும் காரணம்.

செம்பனை சட்டென்று காட்டிக் கொடுக்காது. இந்த வருசம் உரம் போடாவிட்டால் அடுத்த வருசம், அதற்கடுத்த வருசம்தான் குலை சிறுக்கும். விலை விழுந்தபோது உரத்தை நிறுத்தியவர், விலை ஏறும்போது விற்கப் பழமின்றி நிற்கிறார்.

மறுநடவு இன்னும் கடினம். செம்பனை காய்க்க ஏறக்குறைய 3 ஆண்டு. ரப்பர் வெட்டுக்கு வர 5, 6 ஆண்டு. அதுவரை அடுப்பு எரிய வேண்டாமா? அதனால்தான் கிழட்டு மரத்தையே கட்டிக்கொண்டு அழுகிறோம்.

விவசாயிகளுக்கென்றே 1969-இல் பேங்க் பெர்த்தானியான் வந்தது. 2008 முதல் அதுதான் அக்ரோபேங்க். ஆனால் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே கிடந்தால் எந்தப் பேங்கு கதவைத் திறக்கும்? கடைசியில் பழம் வாங்கும் தவுக்கேயிடம் முன்பணம். பிறகு அவர் சொன்னதே விலை.

நாம் கேட்பது இதுதான்: தவணை, மரம் காய்க்கும் காலத்தோடு ஒத்துப்போக வேண்டும். நட்ட மறுமாதமே கட்டு என்றால், கடன் உரமாகாது, சுமையாகும்.

1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், பாட்டாளிகளின் சிறுசேமிப்பில் தோட்டங்களையே வாங்கிக் காட்டியது. பத்துப் பேர் சேர்ந்து உரம் வாங்குவது அதைவிடவா பெரிய காரியம்? முதலில் பட்டாவைப் பெயர் மாற்றுவோம். பிறகு தலைநிமிர்ந்து பேங்குக்குப் போவோம்.