அவரவர் வலி அவரவருக்கு

"நாங்க நாலு பெத்தோம். இப்படியா கத்தினோம்?" பிள்ளை பெற்றவளிடமும், மாதவிலக்கு வலியில் சுருண்டு படுத்திருக்கும் பெண்ணிடமும் வீட்டுப் பெரியவர்கள் இப்படிச் சொல்வதுண்டு. கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. நம்மால் தாங்க முடிந்தது எல்லோராலும் முடியும் என்ற நினைப்புதான். ஆனால் வலியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை.

அவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சம்மதித்து வந்தவரின் முன்கையில் ஒரு சின்னத் தகடு வைத்துச் சில விநாடிகள் சூடேற்றுவார்கள். 43, 45, 47 டிகிரி செல்சியஸ் என்று சூடு மாறி மாறி வரும். ஒவ்வொரு தடவையும் வலிக்கு 0 முதல் 10 வரை அவரே மார்க் போட வேண்டும். தோல் புண்ணாகாதபடி சூட்டுக்கு வரம்பு உண்டு. 'போதும்' என்றால் உடனே நிறுத்திவிடுவார்கள். (வீட்டில் செய்து பார்க்கிற காரியமில்லை இது!) இவருக்கு 5 மார்க் வலி தருவது எத்தனை டிகிரி என்று கண்டுபிடித்த பிறகுதான் சோதனையே ஆரம்பமாகும். அடுத்தவருக்கு அது வேறு டிகிரியாக இருக்கும்.

ஏன் இத்தனை சிரமம்? எல்லோருக்கும் ஒரே சூடு வைத்தால் ஒருவருக்கு உறைக்காது, இன்னொருவர் துடித்துப்போவார். பிறகு மருந்து கேட்டதா இல்லையா என்று எப்படிச் சொல்வது?

2003-ல் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 17 பேருக்கு ஒரே 49 டிகிரி சூட்டை வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் ஏறக்குறைய 1 மார்க் போட்டார். இன்னொருவர் ஏறக்குறைய 9! அதிகம் வலிக்கிறது என்றவர்களின் மூளையை ஸ்கேனில் பார்த்தால், வலியோடு சம்பந்தப்பட்ட சில பகுதிகள் மற்றவர்களைவிட அதிகமாக வேலை செய்தன. ஆக, அது பாசாங்கு இல்லை.

நமக்கு இதில் என்ன பாடம்? டாக்டரிடம் போனால் 'வலிக்குது' என்பதோடு நிறுத்தாதீர்கள். பத்துக்கு எத்தனை, எந்த இடம், எப்போது ஆரம்பித்தது, தூக்கம் கெடுகிறதா என்றும் சொல்லுங்கள். எண் சொல்லத் தெரியாத குழந்தைக்குச் சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை வரிசையாக வரைந்து காட்டி, "கண்ணா, உனக்கு எந்த மூஞ்சி?" என்று கேளுங்கள்.

மகள் மாதாமாதம் பள்ளிக்கூடம் போக முடியாமல் படுத்துவிடுகிறாளா? கஷாயத்தோடு விடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அவள் எட்டு என்றால், போன மாதம் அவள் சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; உங்கள் காலத்து வலியோடு வேண்டாம். மார்க் போட வேண்டியவள் அவள்தான். அதைத் திருத்துகிற வேலை நமக்கு எதற்கு?