கடலைக் காட்டினால் தாத்தா வந்துவிடுவாரா?

தஞ்சைப் பக்கத்துப் பூர்வீகத்தைப் பற்றி யார் படம் எடுக்கக் கிளம்பினாலும் ஒருநாள் கோடியக்கரையில் போய் நிற்கிறார்கள். கல்கியைப் படித்து வளர்ந்த கண் அங்கே பூங்குழலியின் படகைத் தேடுகிறது. சதுப்புநிலம், உப்பளம், பூநாரைக் கூட்டம், வங்கக் கடலும் பாக் நீரிணையும் சேரும் முனை என்று கேமராவை எங்கே வைத்தாலும் ஷாட் அமைந்துவிடும். தொல்லையே அதுதான். அழகாக அமைந்ததை எடிட்டிங்கில் தூக்கிப்போட மனசு வராது. கொள்ளுப்பாட்டனில் தொடங்கிய படம் இயக்குநரின் ரசனையில் போய் முடியும்.

இந்த ஆசைக்கு மேதைகளும் விலக்கில்லை. சிறுவயதில் கல்கத்தாவில் பாலசரஸ்வதியின் ஆட்டத்தைப் பார்த்த சத்யஜித் ராய், 1976இல்தான் ‘பாலா’ ஆவணப்படத்தை முடித்தார். ஆடியவருக்கு அப்போது 58 வயது. தஞ்சை அரண்மனைக் கலைஞரான பாப்பம்மாளிலிருந்து இறங்கிவந்த குடும்பம் அது. பாட்டி வீணை தனம்மாள். மகள் ஆடப் பக்கத்தில் அமர்ந்து பாடிய தாய் ஜயம்மாள், படம்பிடித்த காலத்தில் உயிரோடு இல்லை. அம்மா பாட, அந்தச் சங்கதிக்கு மகள் முகத்தில் பதில் சொல்வது ராயின் கேமராவுக்குக் கிடைக்கவேயில்லை.

‘கிருஷ்ணா நீ பேகனே’ பதத்துக்கு அவர் பாலாவைக் கடற்கரையில் ஆடவைத்தார். காற்று புடவையை அலைக்கழிக்கிறது, பின்னால் அலை புரள்கிறது. புருவத்திலும் விரல்நுனியிலும் நடக்கிற அபிநயத்துக்கு இவ்வளவு பெரிய வானம் எதற்கு? அந்தக் காட்சியைக் கொண்டாடுபவர்கள் நம்மில் நிறைய. எனக்கு அதில் ராய்தான் அதிகம் தெரிகிறார். வெளியாள் என்பதால் அவரை மன்னித்துவிடலாம். சொந்த வீட்டைப் படமெடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

கதைப்படத்தில் எதிர்த்திசையில் போனவர் பிரேம்குமார். ‘மெய்யழகன்’ (2024) தஞ்சாவூர் வீட்டை இழந்தவனின் படம், ஆனால் நிலக்காட்சியைவிடப் பேச்சை நம்பியது. வெளியான சில நாளில் சுமார் 18 நிமிடம் குறைக்கப்பட்டது, போனதில் பெரும்பகுதி பேச்சு. நம் ஆவணப்படங்களிலும் கத்தரி முதலில் விழுவது பாட்டியின் பேச்சில்தான், ட்ரோன் காட்சியில் அல்ல.

கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கலங்கரை விளக்கின் மிச்சம் 2004 ஆழிப்பேரலையில் போய்விட்டது. அதற்கு முன் எடுத்த சாதாரணப் புகைப்படம்கூட இன்று ஆவணம், அதில் ஒளி எப்படி விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே ஒரு நடைமுறை யோசனை. 1967 முதல் கோடியக்கரை சரணாலயம், உள்ளே எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். காத்திருக்கும் நாட்களில் வீட்டு மூத்தவரை உட்காரவைத்துப் பதிவு செய்யுங்கள். காலர் மைக் போதும், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தெரிந்த கதைதானே என்று இடையில் புகுந்து எடுத்துக்கொடுக்காதீர்கள். உப்பள வேலையோ, வலை பின்னுவதோ, நாதஸ்வரச் சீவாளி சீவுவதோ, கைவேலை எதுவானாலும் தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டில்லாமல் ஒரே டேக்கில் எடுத்துவையுங்கள். லென்ஸ் வாடகைக்கு அப்புறம் அலையலாம்.