பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் போதுமா?

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவன இயக்குநர் அவர்களுக்கு,

தென் மாவட்டம் ஒன்றின் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கும் பட்டதாரி ஆசிரியை நான். பிள்ளைகள் ஒன்றுகூடி யோசிக்கவும், ஒரு சிக்கலைச் சேர்ந்து தீர்க்கவும் வகுப்பறையிலேயே பழக வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இது கற்பித்தல் உத்தி பற்றிய பேச்சு மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பிளஸ் டூ மாணவனைக் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதையடுத்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிகளின் பெயரில் ஒட்டியிருக்கும் சாதிப் பெயர்களை நீக்குவது என்ற பரிந்துரைகளோடு, மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்ற பரிந்துரையும் அதில் உண்டு.

நல்ல பரிந்துரை, முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் அது இருக்கையை மாற்றும், அவ்வளவுதான். பாடவேளை முழுக்கக் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே இருக்கும் வகுப்பில், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தால் என்ன? அந்தப் பிள்ளையோடு பேச வேண்டிய தேவையே வருவதில்லை. இடைவேளை மணி அடித்ததும் அவரவர் தெருப் பிள்ளைகளோடு போய் நின்றுகொள்கிறார்கள். 2025-ல் ‘ப’ வடிவ இருக்கை பற்றிப் பேச்சு எழுந்தபோதும் இடம் போதுமா, கழுத்து வலிக்குமா என்றே விவாதித்தோம். அப்படி உட்கார்ந்து பிள்ளைகள் என்ன செய்யப் போகிறார்கள் என்பது பேச்சில் வரவே இல்லை.

குழுவாகக் கற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கற்றல் ஏணி, கம்பிப் பந்தல், கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை எல்லாம் அப்போது வந்தவை. ஆசிரியர் உதவும் குழு இருந்ததைப் போலவே மாணவர் உதவும் குழுவும் இருந்தது. தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித் தரலாம் என்பதை அரசே ஏற்றுக்கொண்ட காலம் அது. ஆனாலும் அங்கே ஆளுக்கொரு அட்டை, ஆளுக்கொரு படி. வட்டம் ஒன்றாக இருந்தது, வேலை தனித்தனியாக இருந்தது.

வேலையையே ஒன்றாக்கிக் காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன். 1971-ல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், அதுவரை பிரிந்து படித்த வெள்ளை, கறுப்பின, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே பள்ளிகளில் சேர்த்தபோது சண்டை மூண்டது. நிர்வாகம் ஆரன்சனை அழைத்தது. அவரும் அவருடைய மாணவர்களும் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து கவனித்தார்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறார், கைகள் உயர்கின்றன, ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு ஏமாற்றம். அடுத்தவர் தப்பாகச் சொன்னால்தான் தனக்கு வாய்ப்பு என்ற ஏற்பாடு வகுப்பிலேயே இருக்கிறது என்று கண்டார்கள். பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார்கள். ஆங்கிலம் தடுமாறும் ஒரு பையனை மற்றவர்கள் கேலி செய்தபோது, அவனிடம் இருக்கும் பகுதி தெரியாமல் தேர்வு எழுத முடியாது என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டினார்கள். கேலி நின்றது, அவனிடமிருந்து விஷயத்தை வாங்க எப்படிக் கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். ‘ஜிக்சா’ முறை பிறந்தது இப்படித்தான். அன்பாக இருங்கள் என்ற அறிவுரையால் அல்ல, ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு ஆகாது என்ற நிலையால் அங்கே மாற்றம் வந்தது.

எங்கள் ஏழாம் வகுப்பில் இதையே ஊர்த் தண்ணீரை வைத்துச் செய்தேன். நான்கு பேர் குழு, நான்கு சீட்டு. சீட்டை யாரும் மற்றவருக்குக் காட்டக்கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். முதல் சீட்டில், மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் பிடிக்கும். இரண்டாவதில், மோட்டார் மணிக்கு 10,000 லிட்டர் ஏற்றும். மூன்றாவதில், ஊரில் 150 வீடு, வீட்டுக்கு 4 பேர். நான்காவதில், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு அது. ஒருமுறை தொட்டி நிறைந்தால் ஊருக்குப் போதுமா? போதாதென்றால் மோட்டாரை இன்னும் எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும்?

நன்றாகப் படிக்கும் பிள்ளை வழக்கம்போல நோட்டை இழுத்துவைத்து எழுதத் தொடங்கினாள். நாலாவது வரியில் பேனா நின்றது. மோட்டார் கணக்கு அவளிடம் இல்லை. வகுப்பில் வாயே திறக்காத பையனிடம் அது இருந்தது. “உன் சீட்டுல என்னடா இருக்கு?” என்றாள். அவன் சொன்னான். அவள் சரியாகக் கேட்காமல் எழுதியதை, “மணிக்குத்தான் பத்தாயிரம், நாளைக்கு இல்ல” என்று அவனே திருத்தினான். தேவை 33,000, இருப்பது 30,000, குறைவது 3,000. ஆக இன்னும் 18 நிமிடம் என்று கணக்கு முடிந்தது.

அதற்குப் பிறகு எந்தச் சீட்டிலும் விடை இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன். முதலில் எந்தத் தெரு வால்வைத் திறப்பது? சத்தம் கூடியது. “எங்க தெரு கடைசி டீச்சர், எங்களுக்கு நூல் மாதிரிதான் வரும்” என்றாள் ஒருத்தி. குழாயடி நெருக்கடியையே அறியாத தெருப் பையன் அதை முதல்முறையாகக் காதில் வாங்கினான். முறை வைத்து மாற்றலாம் என்றது ஒரு குழு. கடைசித் தெருவுக்கு முதலில் விடலாம் என்றது இன்னொரு குழு. ஏன் என்று ஒவ்வொரு குழுவும் எண்ணிக்கையோடு சொல்ல வேண்டியிருந்தது.

தயக்கங்கள் எனக்குத் தெரியும். பாடம் முடியாது என்பார்கள். இந்த ஒரு கணக்கில் பெருக்கல், நேர விகிதம், அலகு மாற்றம் மூன்றும் வந்துவிட்டன. தனித்தனிப் பயிற்சியாகக் கொடுத்திருந்தால் இதைவிட அதிக நேரம் போயிருக்கும். படிக்கிற பிள்ளையே எல்லாவற்றையும் செய்துவிடும் என்பார்கள். விஷயத்தைப் பிரித்துக் கொடுத்தால் அது நடக்காது. வெறுமனே ‘குழுவாகச் செய்க’ என்று விட்டால்தான் நடக்கும். சத்தம் என்பார்கள். உண்மைதான், சத்தம் வரும். பார்வைக்கு வரும் அதிகாரி அந்தச் சத்தத்தைக் குறையாக எழுதாமல் இருந்தால் போதும்.

ஐயா, உங்கள் நிறுவனம் செய்யக்கூடிய நான்கு காரியங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு, குழுவாகச் சிக்கல் தீர்ப்பதற்கென்றே வாரம் ஒருமுறை இரட்டைப் பாடவேளை. கால அட்டவணையில் ஏறாத எதுவும் பள்ளியில் நிலைக்காது.

இரண்டாவது, பகிர்வுச் சீட்டுகள். பாடநூலை எழுதுவது போலவே, வகுப்பெடுக்கும் ஆசிரியர்களை உட்கார வைத்துப் பாடந்தோறும் சில சிக்கல்களை உருவாக்குங்கள். கண்மாய்ப் பாசனம், சத்துணவுக்கான அரிசிக் கணக்கு, பேருந்து நேரம் என்று அந்தந்த ஊரின் விஷயமாக இருக்கட்டும்.

மூன்றாவது, மதிப்பெண். 2012-13-ல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். அந்த 40-ல் செயல்பாட்டுக்கு உள்ள பங்கு பல இடங்களில் கடையில் வாங்கி ஒட்டிய சார்ட்டுக்கே போகிறது. அதில் ஒரு பகுதியைக் குழுச் சிக்கலுக்கு ஒதுக்குங்கள். குழு தீர்த்த பிறகு ஒவ்வொரு பிள்ளையிடமும் அடுத்தவர் சீட்டிலிருந்து ஒரு கேள்வி கேட்டு, தனித்தனியே மதிப்பெண் போடலாம்.

நான்காவது, பயிற்சி. குறுவள மையத்தில் எங்களைத் திரை முன்னால் உட்கார வைக்காமல், நான்கு பேராகப் பிரித்து நான்கு சீட்டைக் கையில் கொடுங்கள். நாங்களே ஒரு சிக்கலில் மாட்டி, வாதாடி, வெளியே வர வேண்டும். வகுப்பில் இதை நடத்தும்போது புகைப்படம் எடுத்து, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்றும் வேலையை மட்டும் இதோடு சேர்த்துவிடாதீர்கள். ஆசிரியரின் கண் அந்த நேரத்தில் பிள்ளைகள் மேல் இருக்க வேண்டும்.

சாதியை ஒரு பாடவேளை ஒழித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. வீடும் தெருவும் கோயிலும் தேர்தலும் சேர்ந்து வளர்ப்பதைக் கணக்கு டீச்சர் தனியே நின்று மாற்ற முடியாது. ஆனால் வேறு வேறு தெருப் பிள்ளைகள் தினமும் ஒரே கூரையின் கீழ் மணிக்கணக்கில் இருக்கும் இடம் எங்கள் ஊர்களில் பள்ளி ஒன்றுதான். இத்தனை மணி நேரத்தில் ஒருமுறைகூட ஒருவர் உதவி இன்னொருவருக்குத் தேவைப்படவில்லை என்றால், அப்படி அமைத்து வைத்திருக்கும் நாம்தான் பொறுப்பு.

வரும் ஜூனில் தென் மாவட்டங்களில் ஏதாவது ஓர் ஒன்றியத்தில் இதைத் தொடங்குங்கள். ஓராண்டு நடத்திப் பாருங்கள். கணக்கில் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதை அளப்பதோடு, இடைவேளையில் யார் யாரோடு விளையாடுகிறார்கள் என்பதையும் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மாற்றம் தெரிந்தால் மாநிலம் முழுக்கக் கொண்டுபோங்கள். சீட்டுகளை எழுத ஆள் வேண்டுமென்றால் கோடை விடுமுறையில் வர நான் தயார். என்னோடு வர இன்னும் பல ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அரசு நடுநிலைப் பள்ளிக் கணித ஆசிரியை ஒருவர்