அண்டா குண்டானுக்கு யார் பொறுப்பு?

2023 டிசம்பர் 17, 18. தென்மாவட்டங்களை வெள்ளம் புரட்டிப்போட்ட ரெண்டு நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மேலகரத்தில் எங்கள் தெருவுக்குப் பெரிய சேதமில்லை. தண்ணி வடிந்ததும் அரிசி, போர்வை, மண்ணெண்ணெய் ஸ்டவ் என்று கிடைத்ததைச் சேர்த்துக்கொண்டு தோழர்களோடு ஏரல் பக்கம் போனேன். அங்கே காலனியில் என் அத்தை வீடு.

வீடு நின்றது. தொகுப்பு வீடு, சுவர் விழவில்லை. உள்ளே முழங்கால் சேறு. அதற்குள் நெல்லு மூட்டை, பாய், தையல் மெஷின், மிக்ஸி, கிரைண்டர், டிவி, பிள்ளைகளின் புத்தகம், அத்தை சீட்டுப் பிடித்து வாங்கிய பீரோ. பித்தளை அண்டாவைத் தண்ணி எங்கே கொண்டுபோனதென்று தெரியவில்லை. கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டுப் போனாராம். அத்தை சொன்னாள்:

"செவரு நிக்குல்லா, ஒனக்குச் சேதம் இல்லன்னுட்டுப் போறாம்யா. செவத்தையா ஆக்கித் திங்கது?"

இந்தக் கேள்விக்குத்தான் நாம் இன்னும் பதில் தேடவில்லை.

நிலம் இல்லாத நமக்குச் சொத்து என்பது வீட்டுக்குள் இருக்கிற பண்டம்தான். மூணு தலைமுறைக் கூலி அண்டாவாகவும் பீரோவாகவும் நிற்கிறது. இது எதிரிக்கும் தெரியும். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் புகுந்த போலீஸ் எதை உடைத்தது? டிவியை, மின்விசிறியை, தையல் மெஷினை. நம் வீட்டில் அதெல்லாம் இருக்கிறதே என்ற ஆத்திரம்.

அரசின் கணக்கில் இந்தப் பண்டத்துக்கு என்ன மதிப்பு? 2022 முதல் 2026 வரைக்கு வகுத்த பேரிடர் நிவாரண விதியில் உடுதுணிக்கு 2,500 ரூபாய், பாத்திரம் பண்டத்துக்கு 2,500 ரூபாய். அதுவும் ஒரு குடும்பத்துக்கு. வீடு அடித்துச் செல்லப்பட்டிருக்க வேண்டும், அல்லது முழுக்க இடிந்திருக்க வேண்டும், அல்லது ரெண்டு நாளுக்கு மேல் மூழ்கிக் கிடந்திருக்க வேண்டும். அந்த வெள்ளத்துக்கு மாநில அரசு தனியாக, பெரிதும் பாதித்த வட்டங்களில் அட்டைக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. வாங்கினோம். ஒரு கிரைண்டர் வாங்கினால் மீதி எவ்வளவு?

சரி, இன்சூரன்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, விசாரிப்போம் என்று தென்காசியில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "ஹவுசிங் லோன் போடுறவங்களுக்குத்தாம் தம்பி இதெல்லாம்" என்றார் இருக்கையில் இருந்தவர். கூரை என்ன கூரை என்றார். பில் இருக்கா என்றார். 2006க்குப் பிறகு வந்த இலவச டிவிக்கும் 2011க்குப் பிறகு வந்த விலையில்லா மிக்ஸி கிரைண்டருக்கும் எவன் பில் கொடுத்தான்?

அவர் சொல்லாததை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாக் கம்பெனிகளும் 'பாரத் கிரிஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரி வீட்டுப் பாலிசியை விற்றாக வேண்டும். வெள்ளம், புயல், நிலச்சரிவு, தீ, கலவரம் எல்லாம் அதில் உண்டு. கட்டடத்துக்கு எடுத்தால் அதன் மதிப்பில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, உள்ளிருக்கும் பொருளுக்குத் தானாகவே சேரும். பொருளுக்கு மட்டும் தனியாகவும் எடுக்கலாம். வாடகை வீட்டுக்காரனும் எடுக்கலாம். ஆனால் ரொக்கமும் பத்திரங்களும் சேராது. சாதிச் சான்றிதழும் பட்டாவும் போனால் போனதுதான். ஓலை, மூங்கில், தார்ப்பாய் வீட்டை 'கச்சா' என்று தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள். சட்டத்தில் வாசல் இருக்கிறது. நம்மைக் கண்டதும் சாத்துகிறார்கள்.

இங்கேதான் ஓர் ஓரவஞ்சனை. 2016 முதல் நடக்கிற பிரதமர் பயிர் காப்பீட்டில் விவசாயி கட்டுவது காரிஃப் நெல்லுக்கு அதிகபட்சம் 2 சதவீதம், ராபிக்கு ஒன்றரை சதவீதம். மீதிப் பிரீமியம் அரசுப் பணம், அதாவது நம் வரியும் சேர்ந்த பணம். பயிருக்குக் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. அதே வெள்ளத்தில் வயலும் மூழ்குகிறது, அந்த வயலில் நாற்று நட்டவளின் அடுப்படியும் மூழ்குகிறது. வயலுக்குப் பிரீமியம் கட்டுகிற அரசு அடுப்படிக்கு ஏன் கட்டக்கூடாது?

முடியாத காரியமா? 1988இல் மத்திய அரசு கிராமத்து ஏழைகளுக்குக் குடிசைக் காப்பீடு கொண்டுவந்தது. பிரீமியம் முழுவதும் அரசே கட்டியது. தீயில் எரிந்தால் குடிசைக்கு 1,000, உள்ளிருந்த பொருளுக்கு 500. தொகை அற்பம், தீக்கு மட்டும்தான், திட்டமும் பிறகு காணாமல் போயிற்று. ஆனாலும் வழி ஒன்று இருந்தது. குஜராத்தில் சேவா அமைப்பின் கூலிப் பெண்கள் 1992 முதல் உயிர், ஆஸ்பத்திரிச் செலவு, வீட்டுச் சொத்து மூன்றையும் ஒரே காப்பீட்டில் நடத்திக் காட்டினார்கள்.

தோழர் ஒருவர் கோபப்பட்டார்: "இன்சூரன்ஸ் முதலாளி யாவாரம். நாம நிவாரணத்தைத்தான் உரிமையாக் கேக்கணும்." பாதி சரி. நிவாரணத்தை விடக்கூடாது. ஆனால் நிவாரணம் யார் கையால் வருகிறது? 2004 சுனாமியில் நாகப்பட்டினம் கரையில் தலித்துகள் பட்டியலில் விடுபட்டதையும் முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் எழுதி வைத்திருக்கின்றன. பட்டியல் எழுதுகிறவன் மனசை நம்பி எத்தனை வெள்ளத்துக்குக் கையேந்துவது? கையில் பாலிசித் தாள் இருந்தால் கேட்டு வாதாடலாம், வழக்குப் போடலாம். அண்ணல் அம்பேத்கர் 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் இன்சூரன்ஸ் அரசின் ஏகபோகமாக இருக்க வேண்டும், வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஆயுள் காப்பீடு கட்டாயம் என்றார். அதை யாவாரமாக்கியது பின்னால் வந்தவர்கள்.

ஆகவே நம் கோரிக்கை இதுதான்: ஒவ்வொரு காலனி வீட்டுக்கும், கூரை எதுவாக இருந்தாலும், உள்ளிருக்கும் பொருளுக்கு அரசே பிரீமியம் கட்டுகிற குழுக் காப்பீடு வேண்டும். பில் கேட்கக்கூடாது. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் காலனி காலனியாக இந்த மனுவைக் கொடுப்போம்.

அதுவரை மாணவத் தோழர்கள் ஒரு வேலை செய்யலாம். மழைக்கு முன்னால் வீடு வீடாகப் போய் என்னென்ன பொருள் இருக்கிறதென்று எழுதுங்கள், போட்டோ எடுங்கள், சான்றிதழ்களை நகலெடுத்து வெளியூரில் ஓரிடத்தில் வையுங்கள். மேலகரத்தில் எங்கள் தெருவில் ஆரம்பித்துவிட்டோம். முதல் நோட்டில் முதல் வீட்டுக்கு நாங்கள் எழுதியது: பித்தளை அண்டா ஒன்று.