மஞ்சப்பையும் கருவேல முள்ளும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியெங்கும் சீமைக்கருவேல மரங்கள் மண்டிக் கிடக்கின்றன. ஆடிக்காற்று வீசும் நாள்களில் அவற்றின் முட்களில் வெள்ளை, கறுப்பு, நீலம் எனப் பல நிற நெகிழிப் பைகள் சிக்கிப் படபடக்கும். தொலைவிலிருந்து காண்பவர், மரம் பூத்திருக்கிறது என்றே எண்ணக்கூடும். அருகில் சென்றால்தான், கால் கிலோ தக்காளியைக் கடையிலிருந்து வீட்டிற்குச் சுமந்த பை அது என்பது தெரியும். தக்காளியைச் சுமந்த நேரம் கால் மணி. முள்ளில் தொங்கி, வெயிலில் நைந்து, துணுக்குகளாக உதிர்ந்து மண்ணில் கிடக்கப்போகும் காலமோ பல தலைமுறை.

வானம் பார்த்த பூமிக்கு இது வெறும் அழகுக்கேடு அன்று. கரிசல் மண் மழையில் நீரை உறிஞ்சி உப்பும். கோடையில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்புகளின் வழியேதான் முதல் மழையின் நீர் ஆழத்திற்கு இறங்குகிறது. வெடிப்புக்குள் விழுந்து மண்ணோடு புதையும் நெகிழித்தாள் அந்த வழியை மறைக்கிறது. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களிலும் மடை வாயிலும் குப்பையாகத் திரண்டு அடைக்கிறது. தரிசில் மேயும் ஆடுமாடுகள், உணவின் மணம் ஒட்டிய பைகளையும் சேர்த்தே விழுங்குகின்றன. ஆண்டில் சில நாள்களே பெய்யும் மழையை நம்பி வாழும் ஊர்களில், ஒரு துளி நீர் மண்ணுக்குள் இறங்குவதைத் தடுக்கும் பொருள் எதுவும் சிறிய பொருள் அன்று.

இவையெல்லாம் அறியாதவர் இன்று யார்? தொடக்கப்பள்ளி மாணவரும் நெகிழியின் தீமையை மேடையேறி முழங்குவர். ஆயினும் கடைமுன் நிற்கும்போது கை தானாகவே நெகிழிப்பையை வாங்க நீள்கிறது. குறை அறிவில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. எனவே, சூழல் விழிப்புணர்வுக்குக் கலை துணைபுரிய வேண்டும் எனச் சொல்லும்போது, அக்கலை யாரிடம் எதை மாற்ற வேண்டும் என்பதை முதலில் தெளிதல் நன்று.

படம் செய்வதும் செய்யாததும்

ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் நாள் கொண்டாடப்படுகிறது. ஓவியப் போட்டிகள் நடக்கின்றன. கண்ணீர் விடும் பூமிப்பந்தைப் பல நூறு கைகள் வரைகின்றன. விழாவை அறிவிக்கும் பதாகையோ பெரும்பாலும் ‘பாலிவினைல் குளோரைடு’ என்னும் நெகிழியில் அச்சிட்ட ‘பிளக்ஸ்’. விழா முடிந்ததும் அது யார் வீட்டுக் கூரையையோ மூடும். பிறகு கிழிந்து அதே முள்மரத்தைச் சென்றடையும். சுவரில் தூரிகையால் எழுதிப் பிழைத்த ஓவியர்களின் தொழிலை நலிவுறச் செய்ததும் அப்பதாகைதான். சொல்லும் செய்தி ஒன்று, சொல்லும் பொருள் வேறொன்று என்றால் மக்கள் எதை நம்புவர்?

வலிமையான கலைப்படைப்புகளும் உள்ளன. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் கிறிஸ் ஜோர்டான் 2007ஆம் ஆண்டு உருவாக்கிய படமொன்றில் இருபது இலட்சம் நெகிழிப் புட்டிகள் காட்டப்பட்டுள்ளன. அன்றைய அமெரிக்காவில் ஐந்தே நிமிடங்களில் பயன்படுத்தப்பட்ட புட்டிகளின் எண்ணிக்கை அது. பசிபிக் பெருங்கடலின் மிட்வே தீவில், வயிறு நிறைய நெகிழித் துண்டுகளுடன் இறந்துகிடக்கும் கடற்பறவைக் குஞ்சுகளையும் அவர் படமெடுத்தார். அப்படங்களைக் கண்டவர் எளிதில் மறக்க மாட்டார். ஆயினும், திருச்சுழிச் சந்தையில் காய்கறி வாங்குபவர் அப்படத்தில் தம் கையைக் காண்பாரா? தொலைதூரத் துயரம் மனத்தை உலுக்கும். கையில் இருக்கும் பையை மாற்றுவது அரிது. பையை மாற்றுவதற்குப் பையையே வடிவமைக்க வேண்டும்.

வடிவமைப்பின் ஆற்றலை வணிகர்கள் முன்பே அறிந்திருந்தனர். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், ஷாம்பு போன்ற பொருள்களைச் சிறு பொட்டலங்களில் அடைத்து விற்கும் முறையின் முன்னோடிகளுள் ஒருவர். செல்வர் வாங்கும் பொருளை நாள்கூலி பெறுபவரும் வாங்க வேண்டும் என்பது அவர் நோக்கம். நோக்கத்தில் குறைகாண இயலாது. சில்லறைக் காசில் ஒருமுறைக்குப் போதுமான அளவு, பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கவிட ஏற்ற வடிவம், கண்ணைப் பறிக்கும் நிறம் என அதில் சிந்தித்துச் செய்யப்படாத பகுதியே இல்லை. அதே பொட்டலம் பின்னர் ஊறுகாய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும் பாக்குக்கும் வந்தது. பல படலங்களை ஒட்டிச் செய்த அத்தாளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம் என்பதால், அதைப் பொறுக்கி எடுக்கவும் ஆளில்லை. இன்றைய நுகர்வுப் பழக்கம் தானாக வளர்ந்தது அன்று, திறமையாக வடிவமைக்கப்பட்டது. வாங்குபவரை மட்டுமே குற்றவாளியாக்கும் சுவரொட்டிகள் இந்த உண்மையை மறைத்துவிடுகின்றன. உற்பத்தியாளர் தம் உறைகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்க வேண்டும் என 2016ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுவதும் இதனால்தான்.

இழிவு நீங்கிய பை

இந்தப் பின்னணியில்தான் மஞ்சப்பையின் கதையைக் காண வேண்டும். மஞ்சள், தமிழர் வாழ்வில் மங்கலத்தின் நிறம். புத்தாடையின் ஓரத்திலும் திருமண அழைப்பிதழின் மூலையிலும் மஞ்சள் தடவுவது வழக்கம். திருமண வீட்டில் தாம்பூலம் கொடுக்கவும் துணிக்கடையில் சேலை மடித்துத் தரவும் மஞ்சள்நிறத் துணிப்பை பயன்பட்டது அவ்வழக்கின் நீட்சியே. மணமக்களின் பெயரோ கடையின் பெயரோ சிவப்பிலோ பச்சையிலோ அதில் அச்சிடப்பட்டிருக்கும். விழா முடிந்தபின் அப்பை சந்தைக்கும் நியாயவிலைக் கடைக்கும் சென்றது. நிலப்பத்திரத்தையும் பள்ளிச் சான்றிதழையும் பாதுகாத்தது. தைத்த பையை எறிவது என்னும் எண்ணமே அன்று எழவில்லை.

பின்பு நெகிழிப்பை இலவசமாக வந்தது. அத்துடன் ஓர் ஏளனமும் வந்தது. மஞ்சப்பையுடன் பேருந்திலிருந்து இறங்குபவர் பட்டிக்காட்டார் எனக் கருதப்பட்டார். 2014இல் வெளிவந்த ‘மஞ்சப்பை’ என்னும் திரைப்படத்தின் பெயரே, நகருக்கு வரும் கிராமத்து முதியவரைச் சுட்ட அப்பை போதும் என்பதைக் காட்டுகிறது. பை மாறியதற்கு விலை மட்டும் காரணம் அன்று, கூச்சமும் காரணம்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்கான தடை 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தடையால் கடைக்காரர் அஞ்சினார்; ஆனால் பழக்கம் முற்றிலும் மாறவில்லை. 2021 டிசம்பர் 23ஆம் நாள் தமிழ்நாடு அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. பத்து ரூபாய் நாணயத்தை இட்டால் மஞ்சப்பை தரும் பொறிகளும் பொதுவிடங்களில் வைக்கப்பட்டன. புதிய சின்னம் ஒன்றை உருவாக்காமல், ஏளனத்திற்கு உள்ளான பழைய பொருளையே தேர்ந்தது இவ்வியக்கத்தின் நுட்பம். எதைக் கண்டு கூசினார்களோ அதையே பெருமைக்குரியதாக மாற்றுவது, பல்லாயிரம் சுவரொட்டிகள் செய்யாத வேலை. அண்மைக்காலத் தமிழ்நாட்டில் வடிவமைப்பு செய்த நற்பணிகளுள் இதனை முன்வரிசையில் வைக்கலாம்.

நூலை இழுத்துப் பார்

ஆயினும் பையைப் போற்றுவதோடு நின்றுவிடுவது பிழை. பருத்தி விளைய நீர் வேண்டும், பூச்சிமருந்து வேண்டும்; நூற்க, நெய்ய, சாயமேற்ற ஆற்றல் வேண்டும். டென்மார்க் நாட்டின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வு, பருத்திப் பை ஒன்றை 52 முறையேனும் பயன்படுத்தினால்தான் காலநிலைப் பாதிப்பில் அது நெகிழிப்பைக்கு ஈடாகும் என்றது. பிற பாதிப்புகளையும் சேர்த்தால் அவ்வெண் ஆயிரக்கணக்கில் உயர்கிறது. குப்பை முறையாகத் திரட்டப்பட்டு எரியூட்டப்படும் நாட்டின் கணக்கு அது. முள்மரத்தில் தொங்கும் பை அக்கணக்கில் இல்லை. எனினும் 52 என்னும் எண்ணைப் புறந்தள்ள வேண்டியதில்லை. வாரச்சந்தைக்கு ஒருமுறை வீதம் எடுத்துச் சென்றால் ஓராண்டு. ஒவ்வொரு விழாவிலும் பத்துப் பைகளைப் பெற்று அலமாரியில் அடுக்கும் வீடு, நெகிழியை ஒழிக்கவில்லை. நுகர்வின் நிறத்தை மாற்றியிருக்கிறது, அவ்வளவே.

மற்றொரு மயக்கமும் உண்டு. துணியைப் போன்றே தோன்றும் ‘நெய்யாத் துணி’ப் பைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ‘பாலிபுரொப்பிலீன்’ என்னும் நெகிழியால் ஆனவை. மஞ்சள் நிறத்தில் வந்தாலும் அவை மஞ்சப்பை ஆகா. அருப்புக்கோட்டை நெசவாளர்களின் ஊர். பாவும் ஊடும் என்னவென்று அங்குள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. பையின் ஓரத்தில் ஒரு நூலை இழுத்துப் பார்த்தால் போதும். நெய்த துணியில் இழை தனியே உருவிக்கொண்டு வரும்; நெய்யாததில் வராது, தாளைப்போல் பிய்ந்துவிடும்.

கூச்சம் பெருமளவு நீங்கியபின் எஞ்சியிருக்கும் தடை மறதி. வேலை முடிந்து இருசக்கர வண்டியில் திரும்புபவர், வழியில் காய்கறிக் கடையைக் கண்டு நிற்கிறார். பை வீட்டில் இருக்கிறது. அவரைக் குறைகூறிப் பயனில்லை; பை அவர் சட்டைப்பையில் அடங்கும்படி மடியவில்லை என்பதே சிக்கல். கைக்குட்டை அளவிற்கு மடிந்து சாவிக்கொத்தோடு தொங்கும் பை, ஈரக்கீரைக்கும் மீனுக்கும் தனித்தனி உள்ளறை கொண்ட பை, அறுந்தால் வீட்டிலேயே தைக்க ஏற்ற கைப்பிடி உடைய பை என வடிவமைக்க வேண்டியவை பல உள்ளன. தறியில் மிஞ்சும் நூலும் தையற்கடையில் மிஞ்சும் துண்டுத்துணியும் அருப்புக்கோட்டைத் தெருக்களில் குறைவின்றிக் கிடைக்கின்றன. ஜூன் 5 அன்று வரைதாளுக்குப் பதில் அத்துணியையும் ஊசியையும் மாணவர் கையில் கொடுக்கலாம். பரிசை அன்றே அறிவிக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு அதே நாளில் அப்பைகளைத் திரும்பக் கொண்டுவரச் செய்து, தேய்ந்த ஓரங்களையும் போட்ட ஒட்டுகளையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.