கணிப்பொறி எழுதும் நாளும் நம் கடமையும்

சென்ற திங்களில் என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தி, தனியார் பயிற்சி நிலையம் ஒன்று தனக்கு வழங்கிய சான்றிதழைக் கொணர்ந்து காட்டினாள். எல்லாம் தமிழிலேயே இருந்தது கண்டு மகிழ்ந்தேன். ஆயின், '2024 செப இல் நடந்த தேர்வில் தேறினார்' என்னும் வரியைப் படித்ததும் என் மகிழ்ச்சி அவிந்தது. 'செப' என்றொரு திங்கள் உண்டோ? அஃதென்ன 'செப இல்'? எவர் வாழும் இல்?

அச்சுப் பிழை என்றெண்ணி, நிரல் எழுதும் பணியிலிருக்கும் என் பழைய மாணவரிடம் அதனைக் காட்டினேன். "அச்சுப் பிழையன்று, ஐயா. செப்டம்பர் என்பதன் முதல் மூன்று குறிகளை வெட்டியெடுத்து, அதன்பின் 'இல்' என்பதை ஒட்டுமாறு நிரல் எழுதியிருப்பார்கள்" என்றார் அவர்.

அன்பர்களே, இதனைச் சற்றே விளங்கிக்கொள்ளல் வேண்டும். கணிப்பொறியின் உள்ளே நாளுமில்லை, கிழமையுமில்லை. 1970 சனவரி முதல் நாள் உலகப் பொதுநேர நள்ளிரவிலிருந்து கழிந்த நொடிகளின் எண்ணிக்கையாகவே பல பொறிகள் காலத்தைப் பதிந்து வைக்கின்றன. அவ்வெண்ணுக்கு மொழியில்லை. மாந்தர் படிப்பதற்காக அதனை எழுத்துச்சரமாக மாற்றும்போதுதான் மொழி உள்ளே புகுகின்றது. பிழையும் அவ்வாயில் வழியாகவே புகுகின்றது.

ஆங்கிலத்தில் ஓரெழுத்துக்கு ஒரு குறி. திங்கட் பெயரின் முதல் மூன்று குறிகளை வெட்டினால் அவர்களுக்கு இடரில்லை. நமக்கோ ஒருங்குறியில் 'செ' என்பது இரண்டு குறி. 'ப்' என்பது இரண்டு குறி. மூன்றாங் குறியோடு வெட்டினால் புள்ளி வீழ்கின்றது. மெய் உயிர்மெய்யாகத் திரிகின்றது. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் வரையறுத்த மொழியில், அப்புள்ளியைக் குப்பையெனக் கழிப்பது எவ்வளவு பெரிய அறியாமை! எழுத்தெண்ணி வெட்டுக, குறியெண்ணி வெட்டற்க. இதுவே இதற்குத் தீர்வு.

ஒட்டும் வகையும் அத்தகையதே. தமிழ்ச்சொல் செங்கல்லன்று, அடுக்கி வைத்தால் சுவராவதற்கு. சனவரியும் இல்லும் சேர்ந்தால் யகர உடம்படுமெய் தோன்றிச் 'சனவரியில்' ஆகும். 'மார்ச்சு' என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம் கெட்டு 'மார்ச்சில்' ஆகும். பன்னிரு திங்களுக்கும் உருபேற்ற வடிவத்தைத் தனியே எழுதி வைத்தால் முடிந்தது. 'பொறிக்கு இலக்கணம் தெரியாது' என்று கைவிரிப்பார்க்கு ஒன்று சொல்வேன். உருசிய மொழியில் தனித்து நிற்கும் 'யன்வார்', நாளெண்ணோடு வருங்கால் 'யன்வார்யா' ஆகின்றது. அதற்கென்றே தனித்து நிற்கும் வடிவுக்கோர் இடமும், நாளோடு வரும் வடிவுக்கோர் இடமும் பொறியின் மொழிப் பட்டியலில் வகுத்துள்ளனர். உருசியர்க்கு வளைந்த பொறி தமிழர்க்கு மட்டும் வளையாதோ?

அம்மொழிப் பட்டியல், ஒருங்குறிச் சேர்த்தியம் பேணிவரும் வட்டாரத் தரவுக் களஞ்சியத்தில் உள்ளது. கைப்பேசிகளும் உலாவிகளும் பெரும்பாலும் அதனையே கேட்டு எழுதுகின்றன. அதில் நன்றும் உண்டு. ஞாயிறு முதல் சனி வரை கிழமைப் பெயர்கள் ஒழுங்காக உள்ளன. ஆயினும், திங்கட் பெயர்கள் 'ஜனவரி, ஜூன், ஜூலை, ஆகஸ்ட்' என்றே கிரந்தம் பூசி நிற்கின்றன. சனவரி, சூன், சூலை, ஆகத்து என எழுதினால் எவர்க்குப் பொருள் விளங்காது?

இன்னும் ஒரு குறை நெஞ்சைச் சுடுகின்றது. தாய்லாந்து மக்கள் தம் புத்தராண்டு முறைப்படி 543 கூட்டி, 2025ஐ 2568 என எழுதுகின்றனர். பொறியும் அவ்வாறே எழுதித் தருகின்றது. சக ஆண்டுக்கும் அங்கே இடமுண்டு. திருவள்ளுவர் ஆண்டுக்கோ இடமில்லை. நம் இளைஞர் சிலர் தாமே 31 கூட்டி எழுதும் நிரல்களும் முதல் இரு கிழமைகளில் வழுவுகின்றன. ஆண்டு பிறப்பது சுறவம் முதல் நாளிலன்றோ? ஆகலின், 2025 சனவரி 10 அன்று திருவள்ளுவர் ஆண்டு 2055தான். சனவரி 20 அன்றே அது 2056. இவ்வேறுபாட்டை நிரலர்க்கு யார் சொன்னோம்?

பிறரை நோவானேன்? அக்களஞ்சியம் பூட்டிய அறையன்று. திருத்தங்களைச் சான்றுடன் முன்வைப்பதற்கு வாய்ப்புண்டு. புலவராகிய நாம் மேடையில் முழங்கினோம். பொறியருகில் அமர்ந்த இளைஞனோ தனக்குத் தெரிந்ததை எழுதினான். அவன் எழுதியதே இன்று ஊரெங்கும் சான்றிதழாகவும் சீட்டாகவும் அச்சேறுகின்றது.

பொறி தன்னுள் எண்ணாகவே வைத்துக்கொள்ளட்டும். நாடுகள் தமக்குள் பரிமாறுதற்கு ஆண்டு, திங்கள், நாள் என்னும் இலக்க வரிசையும் இருக்கட்டும். அவற்றோடு நமக்கு வழக்கில்லை. தமிழன் கண்ணுக்கு வரும் வரி தமிழாக வரல் வேண்டும். அதற்கு ஒவ்வோர் ஊரிலும் ஒரு புலவரும் ஒரு நிரலரும் ஒரே பலகையில் அமர்தல் வேண்டும். என் பழைய மாணவரும் நானும் இத்திங்கள் முதல் ஞாயிறுதோறும் அமர்கின்றோம். பன்னிரு திங்கட் பெயர்களின் உருபேற்ற வடிவங்களை எழுதத் தொடங்கிவிட்டோம். நீங்கள் எப்போது அமரப் போகின்றீர்கள்?