உறையே பொருளாகிவிட்டால்...

பொருளைக் காப்பதற்கென்றே உறை தோன்றியது. இலையும் ஓலையும் சணலும் துணியும் கொண்டு பொதியவும் பொட்டலம் கட்டவும் அறிந்திருந்தவர் தமிழர். கருப்பட்டிக்குப் பனையோலைக் கொட்டான், பூவுக்கு வாழை இலை, நெல்லுக்குச் சாக்கு எனப் பொருளின் இயல்பறிந்து உறை அமைந்தது. இற்றை நாளிலோ, பொருளினும் உறையே பெரிதென மதிக்கும் மயக்கம் பினாங்குத் தமிழரிடையேயும் பெருகியுள்ளது. அம்மயக்கத்தைப் போக்கும் கடமை தமிழாசிரியர்க்கு உண்டு.

புதுவகை உறைகள் யாவும் அறிவின் முதிர்ச்சி என்றும், இலையும் ஓலையும் அறியாமையின் எச்சம் என்றும் எண்ணுவோர் உளர். வரலாறு அக்கூற்றை மறுக்கிறது. 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஆல்பிரட் பீல்டிங், மார்க் ஷவான் என்னும் இருவர், குளியலறைத் திரைகள் இரண்டை ஒன்றாக ஒட்டி, இடையே காற்றுக் குமிழிகள் சிக்கிய தாளொன்றை ஆக்கினர். வீட்டுச் சுவரை அழகுசெய்யும் தாள் ஆக்குவதே அவர்தம் நோக்கம். சுவரில் ஒட்ட அதனை வாங்குவோர் இல்லை. பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தின் கணிப்பொறிகளைச் சேதமின்றி அனுப்புவதற்கு அது பயன்பட்டது. அணியாகத் தோற்ற தாள் காப்பாக வென்றது.

ஜார்ஜ்டவுனில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறு. நாசி லெமாக் பொட்டலத்தைக் காண்க. வாழை இலையின் மேற்பரப்பில் இயற்கையாகவே மெழுகுப் படலம் உண்டு. நீர் அதில் ஒட்டாது. அனலில் வாட்டினால் இலை கிழியாமல் மடியும். சுடுசோறு பட்டதும் மணக்கும். முன்னாளில் சோற்றையும் சம்பலையும் தாங்கியது அவ்விலையே. வெளியே சுற்றிய செய்தித்தாளின் மை உணவில் படாமல் காத்ததும் அதுவே. இன்றோ பல கடைகளில் நெகிழி பூசிய பழுப்புத்தாளே பொட்டலமாகிறது. அதன் நடுவே உள்ளங்கையளவு இலைத்துண்டு ஒன்று மணத்துக்கும் பார்வைக்குமாக வைக்கப்படுகிறது. காப்பாக இருந்த இலை அணியாகச் சுருங்கிவிட்டது. எது வேண்டும், எது வேண்டா என்று ஆராய்ந்தா இம்மாற்றம் நிகழ்ந்தது?

நெகிழியே கூடாதென்பது வாதமன்று. மருந்தும் பால்மாவும் ஈரம் படாமல் நெடுந்தொலைவு செல்ல இலை உதவாது. வறுவல் பொட்டலத்தின் உட்புறத்தில் மின்னும் அலுமினியப் படலம் ஒளியையும் காற்றையும் ஈரத்தையும் தடுத்துப் பண்டத்தைக் காக்கிறது. ஆனால் அதே மினுக்கம் அன்பளிப்புத் தாளின்மேல் எதனைக் காக்கிறது? உள்ளிருக்கும் நூலுக்கு வேண்டிய காவலை அதன் அட்டையே தரும். ஒரு நொடியில் கிழித்தெறியப்படும் அத்தாளில் காகிதமும் நெகிழியும் உலோகமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பின், அவற்றைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துவது அரிதினும் அரிது.

பினாங்கு மாநில அரசு 2009 ஜூலையில் திங்கட்கிழமைதோறும் இலவச நெகிழிப் பையை நிறுத்தியது. 2011 ஜனவரி 1 முதல் எல்லா நாளும் நிறுத்தி, வேண்டுவோர் 20 காசு தரவேண்டும் என்றது. போற்றத்தக்க செயலே. ஆயினும் அவ்வாணை வாங்குவோர் கைப்பையைத் தடுத்ததேயன்றி, பைக்குள் இருக்கும் பண்டங்களின் உறைகளைத் தொடவில்லை. 2020 ஜனவரியில் பட்டர்வொர்த்தில் அமைச்சர் இயோ பீ யின், சட்டத்துக்குப் புறம்பாக மலேசியாவுக்குள் வந்த நெகிழிக் கழிவு 150 கொள்கலன்களில் 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதாக அறிவித்தார். பிறர் குப்பையை ஏற்க மறுத்தது நன்று. தன் வீட்டுக் குப்பையை ஒருவன் எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவான்?

கேடு குப்பையோடு நின்றுவிடவில்லை. மே 16, ஆசிரியர் தினம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மின்னும் தாளும் பட்டு நாடாவும் சுற்றிய பெட்டியை நீட்டுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளையோ பழைய நாள்காட்டித் தாளில் பொதிந்த பேனாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறது. அக்கூச்சத்தைக் கற்பித்தவர் யார்? மின்னும் பெட்டியை மேசையின் முன்வரிசையில் வைத்து வியந்தவர் அல்லரோ? அன்பின் அளவைத் தாளின் பளபளப்பால் காட்டும் பாடம் எப்பாடநூலிலும் இல்லை. ஆயினும் பள்ளியிலேயே அது நடத்தப்படுகிறது.

தமிழகம் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் 14 வகையைத் தடைசெய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தையும் அரசு தொடங்கியது. மஞ்சள் பையுடன் வருபவனைப் பட்டிக்காட்டான் என எள்ளி நகையாடிய நாடு அது. தடையாணை மட்டும் போதாது, எது பெருமை என்ற எண்ணமும் மாறவேண்டும் என உணர்ந்த பின்னரே அப்பைக்கு மீண்டும் மதிப்புத் தேடப்பட்டது.

பினாங்குத் தமிழ்ப்பள்ளிகள் இதனைச் செலவின்றிச் செய்யலாம். பரிசளிப்பு விழாவில் நூல்களை உறையின்றி, நூற்பெயரும் எழுதியவர் பெயரும் அவையறியப் படித்து வழங்கலாம். ஆசிரியர் தினத்தில் உறையிட்ட பரிசு வேண்டாவென முன்கூட்டியே அறிவிக்கலாம். அறிவியல் வகுப்பில் வாழை இலைத் துண்டையும் மின்தாள் துண்டையும் பள்ளித் தோட்டத்தில் புதைத்து, சில வாரம் கழித்து மாணவரையே தோண்டச் சொல்லலாம். மண்ணோடு கலந்தது எது, கலக்காமல் கிடப்பது எது என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டு சொல்லட்டும்.